நான்காவது மைக்

பாடி முடித்து வாயை மூடிய பிறகும் அந்தப் பச்சைக் கோடு அசைந்துகொண்டிருந்தது.

ரூபி ஹார்மோனியத்திலிருந்து கையை எடுத்தாள். மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியின் சின்னத் திரையில் முதல் மூன்று கோடுகளும் அடங்கிவிட்டன. நான்காவது மட்டும் மெல்ல ஏறியது. ஒரு கணம் நின்றது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.

நாகல் நகர் வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவுக்கென்று ஒழித்துப்போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. கோயில் பாடற்குழுவில் அவளிடம் பாடிப் பழகியவர்கள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். ஈஸ்டருக்குத்தான் ஊர் வருவார்கள். அதற்குள் நான்கு குரல்களையும் தானே தனித்தனியாகப் பாடிப் பதிந்து அனுப்பிவிட்டால் அவரவர் அங்கேயே பழகிக்கொள்ளலாம். அதற்குத் தோதான கருவி வேண்டும் என்று கேட்டதும் கடைக்காரத் தம்பி பெலிக்ஸ் காலையில் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். கறுப்புப் பெட்டி தானே எட்டு மைக்குகள்வரை தனித்தனித் தடங்களாகப் பதியும். சிவப்புப் பெட்டியை லேப்டாப்போடு மாட்ட வேண்டும்.

"ரெண்டையும் போட்டுப் பாருங்க டீச்சர். அஞ்சு மணிக்கு வாரேன். வேணாங்கிறத எடுத்துட்டுப் போறேன்."

நான்கு மைக்குகளையும் அவனே நிறுத்திவைத்தான்; திரையில் மைக்குக்கு ஒரு கோடு. முதலாவது அவள் வாய்க்கு நேராக. இரண்டாவது ஹார்மோனியத்தின் பக்கவாட்டில். மூன்றாவது பீரோவை ஒட்டி. நான்காவது வாசற்படியருகே, அறையின் ஒலியைப் பிடிக்க.

மணி மூன்று. தவக்காலத்து வெயில் தளத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, அதன்மேல் கம்பளியையும் தொங்கவிட்டிருந்ததால், அறைக்குள் புதுப் பிளாஸ்டிக்கின் வாடையும் கம்பளியின் வாடையும் தோல் ஆலைப் பக்கமிருந்து எப்போதோ புகுந்து வெளியே போக வழியில்லாமல் தங்கிவிட்ட அந்தக் குமட்டலும் ஒன்றாகச் சேர்ந்து, ஈரத்துணியைப் போல அவள் முகத்தில் படிந்திருந்தன.

ஹெட்போனை மாட்டி, நான்காவது தடத்தை மட்டும் ஓடவிட்டாள்.

மூச்சு.

தூங்குகிறவரின் மூச்சு இல்லை அது. யாரோ கவனமாகக் கேட்டுக்கொண்டு நிற்பதுபோல, அடக்கி அடக்கி விட்ட மூச்சு. தொலைவில் அவள் பாட்டு சன்னமாகக் கேட்டது; மூச்சுதான் பக்கத்தில் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் மைக் மட்டும் நின்றது.

பெலிக்ஸுக்குப் போன் போட்டாள். "தம்பி, ஆளில்லாத பக்கத்து மைக்ல மூச்சு விடுற மாதிரி சத்தம் வருதுப்பா."

"ஃபேன் ஓடுதா டீச்சர்?"

"நிறுத்திட்டேன்."

"அப்ப பொட்டிலதான் கோளாறு. ஒயரக் கழட்டி சிவப்புல மாட்டிப் பாருங்க. அதுல வரலைன்னா கறுப்ப நான் எடுத்துக்கிறேன்."

அவள் மாட்டினாள். அதே பாட்டை அதே சுருதியில் பாடிப் பதிந்து, நான்காவது தடத்தைப் போட்டுக் கேட்டாள். சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். அவ்வளவுதான், சிவப்பையே எடுத்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடப் போனவள், திரையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

மூன்றாவது கோடு ஏறியது. இறங்கியது.

ஒரே சத்தம் நான்கு மைக்கிலும் விழும், எதற்குக் கிட்டே இருக்கிறதோ அதில்தான் பெரிதாக விழும் என்று காலையில் பெலிக்ஸ் சொல்லியிருந்தான். அப்படியானால் முதல் முறை அது வாசற்படியில் நின்றது. இப்போது பீரோவருகே நிற்கிறது. நடுவே நான்கு எட்டு தூரம்.

ஓடியிருப்பாள். ஆனால் போன வருஷம் அம்மா இறந்த பிறகு, சமையலறையில் யாரோ நடக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, கணவர் மரியராஜ் மதுரைக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் உட்கார வைத்தார். ஆறு மாதம் மாத்திரை. அதற்குப் பிறகு அவள் எது சொன்னாலும் அவர் முகத்தில் ஒரு பொறுமை வரும். அந்தப் பொறுமையை இன்னொரு முறை பார்க்க அவளால் முடியாது. இது காதில் கேட்டது மட்டும் இல்லை, பதிந்திருக்கிறது. இன்னும் ஒரு தடவை பிடித்துவிட்டால் அவரும் கேட்பார்.

பதிவுப் பொத்தானை அழுத்தினாள். இந்த முறை பாடவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல், நான்கு மைக்குகளிலும் விழுவதை அப்போதைக்கப்போதே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெருவில் ஓர் ஆட்டோ போனது. பீரோவின் தகடு வெயிலுக்கு டொக்கென்றது.

இரண்டாவது கோடு ஏறியது.

ஹார்மோனியத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம். அங்கே பார்த்தாள். மூச்சு நின்றது. பார்வையைத் திரைக்குத் திருப்பினாள். மூச்சு வந்தது. மறுபடி பார்த்தாள். நின்றது.

"யேசுவே" என்றாள்.

எழுந்திருக்க வேண்டும். நாற்காலியின் விளிம்பைப் பிடித்தாள்.

இரண்டாவது அடங்கியது.

முதலாவது ஏறியது.

அந்த மைக் அவள் உதட்டிலிருந்து நாலு விரல் தள்ளி. இடையில் எதுவும் இல்லை. வெறும் காற்று. ஹெட்போனில் எச்சில் விழுங்கும் ஒலி. அவள் விழுங்கவில்லை.

மேலுதட்டில் சூடு பட்டது.

மூச்சை அடக்கினாள். பத்து. இருபது. நெஞ்சு அடித்துக்கொண்டது. கண் இருட்டியது. எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்?

வாயைத் திறந்து, இழுத்தாள்.

நான்கு கோடுகளும் படுத்துவிட்டன.

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றபோது எதிர்வீட்டுச் சண்முகவள்ளி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் இருந்தது. மனுஷர்கள் இருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு மரியராஜ் வண்டியில் வந்து இறங்கினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தில் அந்தப் பொறுமை வந்தது.

"சரி. நீ இங்கனயே நில்லு. நான் போயி அஞ்சு நிமிசம் ரெக்கார்டு பண்ணிப் பாக்குறேன்."

போனார். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஐந்து மணிநேரமாகப் போனது. ஒரு கையில் கறுப்புப் பெட்டியும் மறு கையில் மைக்குமாக, ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் சிரித்தபடி வந்தார்.

"ஒயரக் கறுப்புல மாட்டிப் பாத்தேன், நாலு மைக்லயும் ஒண்ணுமில்ல ரூபி. நீ பதிஞ்சதயும் கேட்டேன். உள்ள ஏதோ இரைச்சல், சாதாரண ரூம்ல வரத்தான செய்யும்? இந்தா பாரு, கறுப்பே நல்லாருக்கு. பேட்டரிலயே ஓடுது. ரூம்லதான் பயம்னா, கோயில்லயே போயி ரெக்கார்டு பண்ணிக்கலாம்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. உடம்பு லேசானது. அறையில் இல்லை. பெட்டியிலும் இல்லை. போய்விட்டது.

"ஏதாச்சும் பேசு, எப்புடி விழுகுதுன்னு பாப்போம்." ஹெட்போனைக் காதில் ஏற்றிக்கொண்டு மைக்கை அவள் முன்னால் நீட்டினார்.

என்ன பேசுவது என்று யோசித்து வாயை மூடியபடி நின்றாள்.

அவர் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"மூச்ச அடக்கு" என்றார்.

அடக்கினாள்.

"அடக்குன்னு சொல்றேன்ல?"

அடக்கித்தான் இருந்தாள். தலையை ஆட்டிக் காட்டினாள். ஓரெட்டு பின்னால் வைத்தார். அவள் கண்களைப் பார்த்தார். பதினோரு வருஷமாகப் பார்த்த பார்வை இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"யாருங்க நீங்க?" என்று கேட்டார்.

நான்தாங்க, ரூபி என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர், ஹெட்போனில் பதில் கேட்டுவிட்ட மனிதரைப் போல, வெளுத்த முகத்தோடு மெல்லத் தலையசைத்தார்.