இடம் மாறிய நான்கு வரிகள்

திரையில் அந்த நான்கு வரிகளின் வெளிச்சம் அணையவில்லை.

கணினியில் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்க, அதன் தொடக்கத்தில் ஒரு குறியும் முடிவில் ஒரு குறியும் வைக்க வேண்டும். இடையில் உள்ளதெல்லாம் பளிச்சென்று ஒளிரும். வேலை முடிந்து, மறைக்கும் கட்டளையைக் கொடுத்தால் அணைந்துவிடும். சற்குணம் மூன்று தடவை கொடுத்துப் பார்த்துவிட்டாள். அச்சக முதலாளி அப்புத்துரை காகிதம் எடுக்க பட்டர்வொர்த் போயிருந்தார். கடல் பக்கமிருந்து வந்த மழை சாயங்காலத்தையே இருட்டாக்கி, கடை வரிசைக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் சாரலாய் அடித்து, மை வாசனையோடு ஈரமண் வாசனையையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

மத்தியானம்தான் ஆஸ்பத்திரி ஊழியன் ஷேக் அலாவுதீன் வந்து போனான்.

“அக்கா, எங்க வார்டுல பக்கிரிசாமின்னு ஒரு பெரியவரு போயிட்டாரு. ஒரு இரங்கல் அறிவிப்பு அடிச்சுக் குடுங்க, சுவத்துல ஒட்டணும்.”

“துக்கப்படுறவங்க பேரு சொல்லு தம்பி.”

“யாரும் இல்லலா அக்கா. விசிட்டர் டைம் வந்தா போதும், மனுஷன் சட்டை பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டு வாசலையே பாப்பாரு. ஒரு ஆளு வந்ததில்ல.”

சற்குணத்துக்கு மனசு கேட்கவில்லை. அதே கோப்பில், மேலே, போன வருடம் தவறிய அவள் அப்பா கந்தப்புவின் அறிவிப்பு இருந்தது. அதன் அடியில் ‘கண்ணீருடன், அன்பு மகள் சற்குணம், அருமைப் பேத்தி பத்மாவதி’ என்று முடியும் நான்கு வரிகள். அவற்றைக் குறியிட்டு, பக்கிரிசாமியின் பெயருக்குக் கீழே ஒரு படி எடுத்து வைத்தாள். ஆளில்லாதவருக்கு அழ இரண்டு பேர். அதில் பாவம் ஒன்றுமில்லை என்று நினைத்தாள்.

ஆனால் இப்போது திரையை மேலே தள்ளிப் பார்த்தாள். கந்தப்பு என்ற பெயர் இருந்தது. அதன் கீழே வெறுமை.

படியெடுக்க ‘சி’. நகர்த்த ‘வி’. அடுத்தடுத்த விசைகள். விரல் தவறி, வரிகளையே நகர்த்திவிட்டிருந்தாள்.

வரிகளைத் திருப்பி நகர்த்தப் பார்த்தாள். அவை அசையவில்லை. அப்பா பெயரின் கீழே புதிதாகத் தட்டச்சு செய்தாள். ‘அன்பு மகள்’ என்று எழுத்துகள் தோன்றின. ஒவ்வொன்றாய் மறைந்தன.

டெலிபோன் அடித்தது. வீட்டிலிருந்து பத்மாவதி.

“மா, தாத்தா வந்திருக்காரு.”

“எந்தத் தாத்தாடி?”

“நம்ம தாத்தாலா! சட்டை பட்டனெல்லாம் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. ரொம்ப நல்லவரும்மா. எனக்குத் தலை சீவி விட்டாரு. கைதான் ஐஸ் மாதிரி.”

“பத்மா… சாமி மேடைக்குப் பக்கத்துல தாத்தா படம் இருக்குல்ல. அதைப் பாரு.”

“பாத்தேனே. அதுல இருக்குறதே இவருதானேம்மா.”

அதன்பின் இரைச்சல் மட்டும்.

முருகா, முருகா என்றாள். குடையைத் தேடினாள்.

அஞ்சடியில் ஒரு செருமல்.

இரண்டு குட்டைச் செருமல், பிறகு நீளமாய் ஓர் இழுப்பு. இடது செருப்பு தேயும் சத்தம். இருபத்தெட்டு வருடம் கேட்ட சத்தம்.

கதவு திறந்தது.

போன வருடம் கடைசியாய்க் கட்டி அனுப்பிய அதே வெள்ளை வேட்டி. சொட்டச் சொட்ட ஈரம். நெற்றியில் அவள் பூசிய விபூதி மட்டும் கரையவில்லை.

“அப்பா…”

அவர் அவளைப் பார்த்தார். வழி கேட்க வந்தவர் கடைக்காரியைப் பார்ப்பதுபோல.

“தங்கச்சி, எனக்கு யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துச் சொல்றீங்களா?”

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். யாராயிருந்தாலும் நனைந்து வந்தவர்தானே.

“உட்காருங்க.”

உட்கார்ந்தார். திரையின் பக்கம் குனிந்தார். ஈர விரலை நீட்டி, தன் பெயருக்குக் கீழே, அந்த வெறுமையை மெல்லத் தடவினார்.

“இங்க யாரும் இல்லையேம்மா.”

தடவினார். மறுபடியும் தடவினார்.

கீழே, பக்கிரிசாமியின் பெயருக்கு அடியில், நான்கு வரிகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன.