துளையில்லாத மூடி

கொக்கிளாய் வீதிக்கு அப்பால், ஒதுக்குக்காட்டின் விளிம்பில் ஒரு பெரிய பாலை மரம் பாதி அறுபட்டு நின்றது. வெட்டுவாயில் ஒரு செயின்சோ, மரம் அறுக்கும் இயந்திர வாள், இறுகிக் கிடந்தது. அதன் சங்கிலி தடம் விட்டுக் கழன்று தொங்கியது. தேன் எடுக்கப் போனவர்களின் பேச்சுக்குரல் கேட்டு, அறுத்தவன் வாளை விட்டுவிட்டு ஓடியிருந்தான்.

ஊரில் பதிவு செய்த வாள்களுக்கெல்லாம் பக்க மூடியில் பெயின்றால் இலக்கம் எழுதியிருக்கும். இந்த மூடியில் இருந்தது ஜெயந்தனின் இலக்கம்.

மதியத்துக்குள் ஜெயந்தன் பொலிஸ் நிலையத்தில் இருந்தான். விடிந்தால் நீதிமன்றம். வாளும் போகும், ஆளும் உள்ளே போவான்.

அவன் மனைவி கஜனி ஓர் உரப்பையோடு வந்தாள்.

"சேர், இவரின்ரை வாள் வீட்டிலைதான் கிடந்தது. இந்தாங்கோ."

சார்ஜன்ட் முத்துலிங்கம் பையை அவிழ்த்து வாளை வெளியே எடுத்தார். அதே மொடல், அதே நிறம். இலக்கம் மட்டும் வேறு.

"தங்கச்சி, இது அனோஜன்ரை இலக்கமெல்லோ?"

கஜனி குனிந்து இலக்கத்தைப் பார்த்தாள். போன கிழமை அடித்த புயல்காற்றுக்குப் பிறகு அந்தப் பையை யாரும் அவிழ்க்கவில்லை.

அயல்வீட்டு அனோஜன் அழைத்து வரப்பட்டான். அவனிடம் பதற்றமில்லை.

"ஓம் சேர், என்ரைதான். அண்ணை இரவல் வாங்கினவர்."

"நான் எப்பயடா வாங்கினனான்?" என்றான் ஜெயந்தன்.

"அண்ணைக்கு ஒண்டு காட்டுக்கு, ஒண்டு வீட்டுக்கு," என்று அனோஜன் சிரித்தான்.

கஜனி இரண்டு வாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். காட்டில் பிடிபட்டதன் மூடி முழுத்தகடு. வீட்டு வாளின் மூடியில் விரல் நுழையாத சிறு துளை ஒன்று. பத்து வருசமாய்த் தன் வீட்டில் கிடக்கும் வாளில் அந்தத் துளையை அவள் கண்டதேயில்லை.

"தம்பி, நீ உன்ரையை எப்ப வாங்கினனீ?"

"போன வருசம். முபாறக் நானான்ரை கடையிலை."

"இது உன்ரையெண்டால், சங்கிலியை ஒருக்கா இறுக்கிக் காட்டன்."

"அக்கா வாள் பழகப் போறா போல," என்றபடி அனோஜன், சார்ஜன்ட் நீட்டிய திருகாணி முடுக்கும் திருப்புளியை வாங்கினான். யோசிக்காமல் பக்கத் துளைக்குள் விட்டுத் திருப்பினான். திருப்புளி சும்மா சுற்றியது. உள்ளே எதுவும் அகப்படவில்லை. மற்றப் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"முன்னாலை, மரத்திலை ஊண்டிற பல்லுகளுக்கு நடுவிலை," என்றான் ஜெயந்தன் இருந்த இடத்திலிருந்தே.

சங்கிலியை இறுக்கும் திருகாணி அங்கேதான் இருந்தது.

"சேர், மற்றதின்ரை மூடியைக் கழட்டுங்கோ," என்றாள் கஜனி.

சார்ஜன்ட் இரண்டு நட்டுகளைக் கழற்றினார். துளையில்லாத தகட்டின் பின்னால், பக்கவாட்டில், ஒரு திருகாணி ஒளிந்திருந்தது.

"பேர் ஒண்டெண்டாலும் வாள் ரெண்டு விதம், சேர். பழசிலை முன்னாலை இறுக்கிறது. புதுசிலை பக்கத்தாலை, அதுக்குத்தான் மூடியிலை துளை. காற்றுக்கு விழுந்த மரங்களை வெட்டிப்போட்டு எல்லாரும் நிலத்திலை விரிச்ச ஒரே படங்கிலை வைச்சு வாள்களைக் கழட்டித் துடைச்சவை. மூடியள் மாறிப்போச்சு. நீங்கள் இலக்கத்தைப் பாத்தனீங்கள். இலக்கம் மூடியிலைதான் இருக்கு, வாளிலை இல்லை," என்றாள் கஜனி.

சார்ஜன்ட் தொங்கும் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார்.

"அதாலைதான் கழண்டிருக்கு."

"ஓம். மூடி மறைச்சதாலை இறுக்க வழியில்லை. சங்கிலி தளந்து கழல, வாள் மரத்துக்கை இறுகிப்போச்சு. மரம் அறுத்தது போன வருசத்து வாள், சேர். இவர் அதை இரவல் வாங்கியிருந்தால் சங்கிலியை இறுக்கத்தானே முதல் பாத்திருப்பார், துளை இல்லாததை அப்பவே கண்டிருப்பார். இறுக்காமல் வெட்டினது, போன வருசமெல்லாம் அதைப் பாவிச்ச ஆள்தான். அண்டைக்குத் துடைச்ச பிறகு பாக்காமலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்."

அனோஜன் திருப்புளியை மேசையில் வைத்தான்.

"ஓடேக்கை எனக்கு மூடி மாறினது தெரியாது அண்ணை. உங்களைப் பிடிச்சிட்டினம் எண்டு கேள்விப்பட்ட பிறகுதான் தெரியும்."

"தெரிஞ்ச பிறகு?" என்றான் ஜெயந்தன்.

சார்ஜன்ட் ஜெயந்தனின் வாளைத் திரும்பப் பைக்குள் போட்டு, போகலாம் என்று கை காட்டினார்.

"நீங்கள் எப்பிடியும் வெளியிலை வந்திடுவியள் எண்டு நினைச்சன்."

"வந்திட்டன்தானே," என்றான் ஜெயந்தன். அனோஜனின் முகத்தைப் பார்க்காமலே உரப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கஜனியின் பின்னால் நடந்தான்.