டக்டக்கும் முப்பத்தெட்டுக் கையெழுத்தும்

"வழி விடுங்க...!"

மூன்று முறை கத்திவிட்டாள். படியில் முன்னால் போனவன் திரும்பவே இல்லை. வெளியே மழை கொட்டியது, வகுப்புக்கோ நேரமாகிவிட்டது. இடித்துக்கொண்டு முந்தினாள். அவன் கையிலிருந்த லேப்டாப் நழுவி நாலு படி உருண்டது.

"காது கேக்காதா உங்களுக்கு?"

அவன் அவள் உதடுகளையே பார்த்தான். என்ன திமிர்...! கண்கள் மட்டும் ஏனோ அத்தனை அழகாக... சே! இவன் முதல் பெஞ்ச் 'டக்டக்' ஆயிற்றே. இந்த செமஸ்டரில் புதிதாக வந்து, யாரோடும் பேசாமல், கீபோர்டைத் தட்டித் தட்டியே அவள் உயிரை வாங்குகிறவன். அவனால்தான் அவள் பையில் அந்த மனு இருந்தது. வகுப்பில் லேப்டாப் வேண்டாம் என்று முப்பத்தெட்டுக் கையெழுத்து. இன்று பேராசிரியையிடம் கொடுத்தால், நாளையிலிருந்து தடை.

வகுப்பில் அந்த லேப்டாப் உயிர்பெறவில்லை. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தான். பேராசிரியை போர்டைப் பார்த்தபடியே அவனிடம் ஏதோ கேட்டார். அவன் திருதிருவென்று விழித்தான். வகுப்பே சிரித்தது... ஏன் சிரிக்கிறார்கள் என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

பின் பெஞ்சில் அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று முறை கூப்பிட்டும் திரும்பாதது... உதட்டையே பார்த்தது... ஐயோ, என்ன வார்த்தை கேட்டுவிட்டேன்!

எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டில் எழுதி நீட்டினாள்: 'பாடத்தை லேப்டாப்லதான் படிக்கிறீங்களா?'

"பேசுறதை எழுத்தா காட்டும். தப்பா வர்றதை நான் தட்டித் திருத்துவேன்," என்றான் மெல்ல.

'ஏன் யார்கிட்டயும் சொல்லல?'

"பாவம்னு பார்ப்பீங்க."

'அதுக்காக இப்படியா டக்டக்னு தட்டுறது?'

"சத்தம் வருமா?" நிஜமாகவே திகைத்தான்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. பாடம் முழுவதையும் கை வலிக்க வலிக்க அவனுக்காக எழுதினாள்.

"ஏதோ மனுன்னு சொன்னியேம்மா?" பேராசிரியை கேட்டார். முப்பத்தெட்டுப் பேரும் அவளையே பார்த்தார்கள்.

"வேண்டாம் மேடம்... நான் யோசிக்காம எழுதிட்டேன்."

பின்னால் முணுமுணுப்பு. முகம் சுட்டது. இருக்கட்டும் என்று காகிதத்தை மடித்துப் பையில் திணித்தாள்.

எல்லாரும் போனபின், எப்படியோ திரை ஒளிர்ந்தது. அவன் தயங்கித் தயங்கி ஒரு ஃபைலைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். மூன்று மாதமாக வகுப்பில் அவள் கேட்ட கேள்விகள்... தேதியோடு!

"உங்க குரல் எப்படி இருக்கும்னு தெரியாதுங்க. ஆனா நீங்க கேட்ட ஒண்ணைக்கூட நான் விடல. உங்களை எனக்கு... ரொம்பப் பிடிக்கும்."

லேப்டாப் மைக்கின் பக்கம் குனிந்தாள்.

"இதையும் சேர்த்து வச்சுக்குங்க... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

திரையில் எழுத்துகள் ஓடின. வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். பிறகு 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டி, அதைச் சேமித்தான்.

அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.