ஆறவிடாதவள்

வீட்டுக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை அங்கிருப்பவர்களின் கைகளை மோந்து பார்ப்பது. கருப்பாத்தாள் அன்றும் வாசலிலேயே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். மஞ்சளும் வேப்பிலையும் மணந்தன. மீள்பசையின் வாடை இல்லை. ஆஸ்பத்திரித் தரையில் எலுமிச்சம்பழம் பிழிந்தது போன்ற அந்த வாடையை என் மூக்கு தூக்கத்திலும் கண்டுபிடித்துவிடும் என்று நான் பெருமையடித்துக்கொள்வது வழக்கம்.

"ஆச்சுங்களா அம்மிணி? உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்" என்றாள் அவள்.

என் உத்தியோகத்துக்குப் பெயர் காயக்காப்பாளர். போலீஸிடம் அடிபட்டவர்களின் காயம் விசாரணை நாள்வரை ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வக்கீல்கள் அமர்த்துவார்கள், வீட்டுக்காரர்கள் சபிப்பார்கள்.

ஒரு காலத்தில் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினால் போதுமாம். பிறகு யாரை வேண்டுமானாலும் எதைச் செய்வதுபோலவும் இயந்திரத்திடம் சொல்லிப் படம் பண்ணலாம் என்று ஆயிற்று. எந்தப் படமும் எந்தக் காகிதமும் செல்லாது என்று நீதிமன்றங்கள் கைவிரித்தன. உடற்சான்றுச் சட்டம் வந்தது. காயத்தை உடம்போடு கொண்டுவந்து காட்ட வேண்டும். மெய்நோக்கி என்ற ஸ்கேனர் அதைப் பார்த்து, எந்தத் தடியால் எந்தக் கோணத்தில் விழுந்த அடி என்று சொல்லிவிடும். நியாயமான சட்டம்தான்.

ஆனால் அதே சமயத்தில் மீள்பசையும் வந்து தொலைத்தது. தடவினால் எலும்புவரை இறங்கி, பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் தழும்புகூட இல்லாமல் ஆற்றிவிடும். ரேஷனில் இலவசம். போலீஸ்காரர் இடுப்பில் ஒரு பக்கம் லத்தி, மறுபக்கம் பசைக் குழாய். முதலில் அடிப்பார்கள். அப்புறம் "ரொம்ப வலிக்குதுங்களா?" என்று கேட்டுத் தடவிவிடுவார்கள். எங்கள் பக்கத்து மரியாதை எங்கே போகும்!

போலீஸ் அடித்தால் என்ன செய்வது என்று என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்பவர்கள் உண்டு. முதலில் அவர்களுடைய அன்பிலிருந்து தப்பி ஓடுங்கள் என்பேன். அப்புறம் வீட்டாரின் அன்பிலிருந்து. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். வக்கீலைப் பிடியுங்கள். வலியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

கருப்பாத்தாளின் மகள் பூவரசி அப்படி ஓடித் தப்பியவள். தெருவுக்குத் தண்ணீரை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்ட அவள் அண்ணன் மணிமாறனை ஒரு மத்தியானம் போலீஸ் வண்டியில் ஏற்றியது. குறுக்கே விழுந்தவளின் இடது முன்கையை லத்தி முறித்தது. பசைக் குழாயோடு ஒருவர் துரத்த, முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு சந்து சந்தாக ஓடியிருக்கிறாள். மணிமாறன் திரும்பி வரவில்லை. அந்தத் தெருப் பக்கம் நாங்கள் போகவே இல்லை என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். போனார்கள் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே அத்தாட்சி அவள் கை. அதை மெய்நோக்கி பார்த்துவிட்டால், பையன் எங்கே என்ற கேள்விக்கு அவர்கள் வாய் திறந்தே ஆகவேண்டும்.

காயத்தை மறுக்க முடியாது, நாளைக் கடத்தலாம். அதிகாரிக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய்தா. கருவி பழுது என்று இன்னொரு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் கை ஒரு நிறம் மாறியது. சீழ் வைத்தது, விரல்கள் மரத்தன. வக்கீல் அழைத்துவந்த டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் போனால் பசையும் கேட்காது, கையை எடுக்க வேண்டியதுதான் என்றார். கருப்பாத்தாள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் கேட்டாள். "மாரியாத்தா கோயில் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பத்துப் போடட்டுங்களா அம்மிணி? சும்மா பாத்துட்டே இருக்க முடியலீங்க."

மஞ்சளை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சரி என்றேன். முதலில் கிண்ணத்தையும் மோந்து பார்த்தேன், பிறகு பழகிப்போய் விட்டுவிட்டேன்.

விசாரணை நாள் காலையிலும் என் கண்ணெதிரேதான் பற்றுப் போட்டுத் துணி சுற்றினாள்; மஞ்சள் நெடிதான் மூக்கை அடைத்தது. பஸ்ஸில் பூவரசி என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"வலி கொறஞ்சாப்புல இருக்குதுங்க்கா."

"மரத்துப்போச்சு கண்ணு. இன்னிக்கு அவங்க பாக்கட்டும், பாத்த நிமிசமே நானே பசை தடவிவிடறேன்." அதற்கென்றே பையில் ஒரு குழாய் வைத்திருந்தேன்.

"அண்ணன் வந்தா என்னையத்தான் திட்டும். நீ எதுக்குப் புள்ள குறுக்க வந்தேன்னு" என்று சிரித்தாள். முன் இருக்கையில் கருப்பாத்தாள் திரும்பவே இல்லை.

போலீஸ் தரப்பு வக்கீல் வழக்கம்போல வாய்தா கேட்டார். நீதிபதி அம்மையார் பூவரசியின் முகத்தைப் பார்த்தார். "இனி வாய்தா கிடையாது. கட்டை அவிழ்க்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானே அவிழ்த்தேன்.

மஞ்சள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. எலுமிச்சை வாடை குப்பென்று அடித்தது. அடியில் கை முழுசாக இருந்தது. மெய்நோக்கி மேலும் கீழும் போய்வந்து, "காயம் இல்லை" என்றது.

பூவரசி விரல்களை மடக்கினாள், நீட்டினாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"என்னம்மா பண்ணுன?"

"பண்ணிப்போட்டேன் சாமி. மஞ்சளோட கலந்துட்டேன். இன்னிக்கும் வாய்தான்னுதான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். கை போயிரும்னாங்களே! அவனையும் குடுத்துட்டு உன்ற கையையும் குடுத்துட்டு நான் எப்படி இருப்பேன்?"

"இன்னிக்குப் பாத்திருப்பாங்கம்மா. இன்னிக்கு!"

எனக்குக் கருப்பாத்தாள்மேல் கோபமே வரவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பூவரசி மேசை விளிம்பில் கையை ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். முறியவில்லை. பசையில் கூடிய எலும்பு பழையதைவிட உறுதி என்று விளம்பரத்திலேயே சொல்வார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் குழாயைத் திறந்துகொண்டே ஓடிவந்தார். சின்ன வயது. முகத்தில் நிஜமான பதற்றம்.

"பாத்துங்க, பாத்துங்க. கையக் குடுங்க."

இப்போது அவள் ஓடவில்லை. கொடுத்தாள். அவர் இதமாகத் தடவத் தொடங்கினார். கருப்பாத்தாள் மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாமி, என்ற பையன் எங்கீங்க?"

அவர் தடவுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகக் கேட்டார்.

"எந்தப் பையனுங்க அம்மா?"