கேட்காமல் போன நான்காவது மணி

“அம்மா, மணி நாலு தடவை அடிச்சுது. நீ மூணுன்னு எழுதியிருக்கே. நீ இருக்கிற இடத்துல சத்தம் சரியாக் கேக்காதா?”

புதன்கிழமை மாலை 5.40. கண்ணாடிக்கடைக்காரர் தன் கைபேசியை மேசைமேல் லிஃப்டக்கா பக்கம் திருப்பி வைத்திருந்தார். லிஃப்டக்கா அந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தாள். கேட்டவள் அவருடைய ஒன்பது வயது மகள். கேட்கப்பட்டவள் இறந்து ஆறு வாரம் ஆகிறது.

லிஃப்டக்காவுக்குத் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. அந்தப் பெயரை வைத்தது ‘நேற்றின் வாசல்’ ரசிகர் குழு. அவள்தான் அதன் பொறுப்பாளர். வெள்ளிக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு அந்தத் தொடர் டி.வி.யில் வரும். ஒரு தபால்காரர். ஒரு பழைய கதவு. அதைத் திறந்தால் கடந்துபோன ஏதோ ஒரு நாள். போய்ச் சேராத கடிதங்களை அந்தந்த நாளுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். கதை அவ்வளவுதான். ஆனால் எந்தக் கதவு எந்த நாளுக்குத் திறந்தது என்று இருநூறு பேர் வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அந்தத் தேதிகளையெல்லாம் அட்டவணை போட்டு வைத்திருந்தவள் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி. அவளுக்குக் குழுவில் ‘காலண்டர்’ என்று பெயர்.

காலண்டர் போய்விட்டாள். அவள் கணக்கிலிருந்து பதிவுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஆறு வெள்ளிக்கிழமை, ஆறு பதிவு.

“முன்கூட்டியே எழுதி வச்சுட்டுப் போயிருப்பாங்களோ?” என்றாள் லிஃப்டக்கா.

“எப்படிங்க? அன்னிக்கு வந்த காட்சியப் பத்தி அன்னிக்கே எழுதியிருக்கே. அவ போனை நான் அணைச்சு டிராயர்ல வச்சுட்டேன். இதோ, சாவி என்கிட்டதான் இருக்கு.”

“நீங்க தொடர் பார்ப்பீங்களா?”

“ஆறு மணிக்குத்தாங்க கடையில கூட்டம். எனக்கு அந்தத் தபால்காரன் மூஞ்சியே தெரியாது. வெள்ளிக்கிழமை மூணுலேருந்து ஏழு வரைக்கும் அவளுக்கு டயாலிசிஸ். வந்து படுத்துடுவா. சனிக்கிழமை காலைல எழுந்து அதே கதைய முதல்லேருந்து போட்டுப் பார்ப்பா. அப்புறம்தான் எழுத உட்காருவா. ஒரு தடவை பார்த்தது பத்தாதான்னு திட்டுவேன்.” அவர் ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “திட்டாம இருந்திருக்கலாம்.”

துடைத்த கண்ணாடியை அவர் பெட்டியில் வைத்து மூடினார்.

“நாளன்னிக்குக் கடைசி அத்தியாயம். அன்னிக்குக் கதவு திறக்கும், அம்மா வந்துடுவாங்கன்னு பாப்பா சொல்றா. அம்மா செருப்பைத் துடைச்சு வாசல்ல வச்சிருக்கா. இதை யாரு செய்றாங்கன்னு அதுக்குள்ள எனக்குத் தெரியணும்க்கா. இல்லேன்னா அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

வியாழக்கிழமை காலை 7.10. பேருந்துப் பணிமனை. காலண்டரின் அண்ணன் ஓட்டுநர். அவளுக்கு அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

“கடவுச்சொல் ஞாபகம் இருக்காண்ணே?”

“என் தங்கச்சி அதை நாலு தடவை மாத்தியிருப்பாம்மா. என் பொறந்த நாளே எனக்கு ஞாபகம் இருக்காது.”

“வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு?”

“ஸ்டியரிங்ல. பின்சீட்டுப் பையன்கள் போன்ல அந்தத் தொடரை அலறவிடுவாங்க. எனக்குக் காது மட்டும்தான். போன வாரம் மணி நாலு அடிச்சுது, வண்டியே அதிர்ந்துச்சு. என்னடா காட்டினான்னு அப்புறம் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

இவருக்குக் காது உண்டு, கண் இல்லை. குறித்துக்கொண்டாள்.

பகல் 1.15. அச்சகம். குழுவில் காலண்டரோடு ஓயாமல் சண்டை போட்டவர் ‘பூதக்கண்ணாடி’. பிழை திருத்துபவர்.

“நானா? அவ பேர்ல எழுதணும்னா முதல்ல அவ சொன்னதெல்லாம் சரின்னு நான் ஒத்துக்கணும். அது நடக்கிற காரியமா?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “சண்டை போட ஆள் இல்லாம வெள்ளிக்கிழமை வெறிச்சுனு இருக்கும்மா.”

“போன வாரம் என்ன எழுதினீங்க?”

அவர் தேடிக் காட்டினார். 6.53: ‘நாலாவது அடி! முள் மூன்றில், மணி நான்கு! கதவு பொய் சொல்கிறது!’ டி.வி.யை அவ்வளவு சத்தமாக வைப்பதாக மேல்வீட்டுக்காரர்கள் கொடுத்த புகாரையும் சேர்த்துக் காட்டினார்.

காலண்டரின் கணக்கில் 6.52க்கு வந்த பதிவு வேறு மாதிரி இருந்தது: ‘மணிக்கூண்டில் மூன்று மணி. தபால்காரர் சரியான நாளுக்குத்தான் வந்திருக்கிறார். அவர் சட்டையில் இரண்டாவது பொத்தானை வேறு நிற நூலால் தைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா?’

பொத்தான் நூலைக் கவனித்தது குழுவிலேயே அந்த ஒருவர்தான். அவ்வளவு கூர்மையான ஆள், ஊரே கேட்ட மணியை எப்படி விடுவார்? அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான். கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அது தபால்காரரின் தாய் இருமும் இருமல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. காலண்டரின் பதிவோ, ‘கதவுக்குப் பின்னால் யார் என்று இன்னும் காட்டவில்லை’ என்றது.

குழு இதற்கெல்லாம் பெரிய பெரிய விளக்கம் கொடுத்திருந்தது. ‘காலண்டருக்கு நமக்குத் தெரியாதது தெரியும்’ என்று ஒருவர். ‘அவர் வேறு காலத்திலிருந்து பார்க்கிறார்’ என்று இன்னொருவர். விளையாட்டாகத்தான் எழுதினார்கள். ஒரு குழந்தை படிக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாலை 4.05. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டக்கா கதவுச் சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சுவரில் யாரோ துளைபோடத் தொடங்கினார்கள். காதடைப்பானை எடுத்து மாட்டிக்கொண்டாள். சோதனைக்காகப் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் வந்தது. விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. மணி அடிக்கவில்லை. மணியும் கெட்டுவிட்டதா என்று திருப்புளியை எடுத்தவள், அப்படியே நின்றாள்.

மணி அடித்துத்தான் இருந்தது. காதை மூடியிருந்தது அவள்.

பொத்தான் நூல் கண்ணுக்குத் தெரியும். முள் தெரியும். பேசும் வசனம் கீழே எழுத்தாக ஓடும். ஆனால் மணியையும் இருமலையும் யாரும் எழுத்தில் போட மாட்டார்கள். பதிவு எழுதியவர் கவனக்குறைவானவர் இல்லை. சத்தமே இல்லாத டி.வி.யில் பார்த்தவர்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. குழுவைத் திறந்து பழைய பதிவுகளைப் புரட்டினாள். காலண்டர் உயிரோடு இருந்தவரை எல்லாப் பதிவும் சனிக்கிழமை காலை. ஒன்றுகூட வெள்ளிக்கிழமை இல்லை. எல்லார் கண்ணெதிரிலும் இருந்த விஷயம். ஒருவரும் பார்க்கவில்லை, லிஃப்டக்கா உட்பட. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் காலண்டர் இருந்தது வீட்டில் இல்லை, டயாலிசிஸ் நாற்காலியில்.

வெள்ளிக்கிழமை பகல் 3.30. டயாலிசிஸ் பிரிவு. எட்டு நாற்காலிகள், எட்டு இயந்திரங்கள், சுவரில் ஒரு டி.வி. அதில் யாரோ வாயை மட்டும் அசைத்துச் செய்தி வாசித்தார்கள்.

“சத்தம் வைக்க மாட்டீங்களா சிஸ்டர்?”

“எப்பவும் வைக்கிறதில்ல. மெஷின்ல ஏதாவது கோளாறுன்னா கூப்பிடும். அது எங்களுக்குக் கேக்கணுமே.”

காலண்டர் வழக்கமாக உட்காரும் நான்காம் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். ஐந்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். பேக்கரியில் அடுப்பு வேலை. முன்னங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள், அவற்றின் நடுவே இரண்டு ஊசிகள்.

“நாலாம் நாற்காலி அக்காவைத் தெரியுமா தம்பி?”

அவன் டி.வி.யைப் பார்த்தான். “தெரியும்.”

“அவங்க கணக்கு உன் போன்ல இருக்கு.”

“இருக்கு.”

“எப்படி வந்துது?”

“அக்காவுக்கு எழுதற கையிலதான் ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. அவங்க பார்த்துப் பார்த்துச் சொல்லுவாங்க, நான் என் போன்ல அவங்க கணக்கைத் திறந்து அடிப்பேன். ‘பொத்தானைப் பாரு, நூலைப் பாரு’ன்னு எனக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான்.”

“யாரு எழுதச் சொன்னாங்க?”

“அவங்களேதான். ‘கடைசி வரைக்கும் நான் தாங்க மாட்டேன்டா, அட்டவணை பாதியில நிக்கக் கூடாது, முடிச்சுடு’ன்னாங்க. சரின்னு சொல்லிட்டேன்க்கா. சொன்னதைச் செஞ்சேன். தப்பா?”

“அடிச்சதை அன்னிக்கே போடச் சொன்னாங்களா?”

“போடுன்னு சொல்ல மாட்டாங்க. சேர்த்து மட்டும் வைக்கச் சொல்லுவாங்க. அப்புறம் அவங்க வீட்டுல போய்ப் போடுவாங்கன்னு நினைச்சேன்.”

அவனுக்குத் தெரிந்தது அவளுடைய வெள்ளிக்கிழமை மட்டும்தான். சனிக்கிழமை காலையில் வீட்டில் சத்தத்தோடு மறுபடி பார்த்து, பிழைகளைத் திருத்தி, அதன்பிறகே அவள் பதிவிடுவாள் என்பது இந்த நாற்காலிக்குத் தெரியாது. அவள் இரண்டு முறை ஏன் பார்த்தாள் என்பது அந்த வீட்டுக்கும் தெரியாது.

“பதில்களைப் படிச்சியா?”

“இல்லக்கா. போட்டுட்டு மூடிடுவேன். அக்கா பேரைப் பார்த்துட்டே இருக்க முடியல.”

லிஃப்டக்கா சிறுமியின் கேள்வியைக் காட்டினாள். அவன் படித்தான். முகத்தை மூட ஊசி குத்திய கை தானாக எழுந்தது. இயந்திரம் கூப்பிட்டது. சிஸ்டர் ஓடிவந்து கையைப் பிடித்துக் கீழே வைத்தார்.

“பாப்பாகிட்ட சொல்லிடுங்கக்கா,” என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டே. “நான்தான்னு சொல்லிடுங்க.”

மாலை 5.25. கண்ணாடிக்கடைக்காரர் இன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருந்தார். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு உள்ளே பார்த்தபடி இருந்தது. சிறுமி டி.வி. எதிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் அப்பா லிஃப்டக்காவைப் பார்த்தார்.

லிஃப்டக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “கண்ணு, நீ ஒரு கேள்வி கேட்டிருந்தே. ரொம்பச் சரியான கேள்வி. போன வாரக் கடைசிக் காட்சியைப் போடு.”

போட்டாள். மணி நான்கு முறை அடித்தது.

“இப்ப சத்தத்தை முழுசாக் குறைச்சுட்டுப் போடு.”

தபால்காரர் அண்ணாந்து பார்த்தார். முள் மூன்றில் நின்றது. அறையில் மூவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

“மூணுதான்,” என்றாள் சிறுமி மெல்ல. மறுபடி ஒரு தடவை சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தாள். “அப்போ அதை எழுதினது அம்மா இல்லையா?”

“இல்ல கண்ணு. அம்மா இறந்துட்டாங்க. அம்மாவால இனிமே எழுத முடியாது. எழுதினது ஆஸ்பத்திரியில அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்த ஒரு மாமா. அம்மா கேட்டுக்கிட்டதாலதான் எழுதினார். அங்கே டி.வி.யில சத்தம் வைக்க மாட்டாங்க. அதனாலதான் நாலாவது மணி அவருக்குக் கேக்கல.”