எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

செல்போன் அலறியது!

பாண்டியராஜன் பரோட்டாவைப் பிய்த்தபடியே எடுத்தான்.

"அண்ணே... மோசம் போயிட்டோம்! நம்ம சைட்டைத் திருடிட்டாய்ங்க!"

பேசியது ராம்கி. திருட்டுப் படங்களை இணையத்தில் ஏற்றும் கூட்டாளி.

"எவன்டா அவன்?"

"தெரியலண்ணே. 'ஓசித்திரை'ங்கிற பேரு, லோகோ, அம்புட்டையும் சுட்டுட்டாய்ங்க. மேல ஒரு போர்டு வேற... 'ஒரிஜினல் ஓசித்திரை இதுவே. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள். எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை'ன்னு!"

பாண்டியராஜன் பரோட்டாவைத் தட்டில் வீசினான்.

வாடிப்பட்டியில் திருட்டு சிடி விற்று, அப்படியே இணையத்துக்குத் தாவிய ஜென்மம் அவன். அரசாங்கம் தளத்தை முடக்கினால் மறுநாளே புது முகவரி. போலீஸ் மூன்று முறை யாரையோ பிடித்து, 'ஓசித்திரை அட்மின் கைது' என்று பேட்டி கொடுத்தது. மூன்று முறையும் அன்று மாலையே புதுப்படத்தைப் போட்டு இளித்தான். அலங்காநல்லூரில் தோட்டத்தை விற்றுப் படமெடுத்த ஒருவர், படம் வெளியான காலையிலேயே அதை இவன் தளத்தில் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார். அன்றைக்கும் இவன் பரோட்டாதான் தின்றுகொண்டிருந்தான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு இப்போது ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது!

"அடுத்தவன் உழைப்பைத் திருடுறாய்ங்களே... இதெல்லாம் ஒரு பொழப்பா?"

"விட்ருங்கண்ணே. நாம யாருன்னு தெரியாம இருக்குற வரைக்குந்தேன் நமக்கு நல்லது."

"விடுறதா? விளம்பரக்காரன் பூராம் அங்கிட்டுப் போயிருவான்டா! அதுல நம்பர் போட்டிருந்தா குடு!"

அடித்தான். ஒரு பெண் குரல்.

"ஓசித்திரை... சொல்லுங்கண்ணே."

"ஏம்மா, அது என் சைட்டு!"

"காமெடி பண்ணாதீங்க. நாங்கதேன் ஒரிஜினல்."

"அப்ப நான் யாரு?"

"போலி."

டொக்!

பாண்டியராஜனுக்கு உச்சந்தலை கொதித்தது. மறுபடி அடித்துக் கத்தினான். நேரில் வரச் சொன்னாள்.

திருப்பரங்குன்றம். ஒரு ஜூஸ் கடை.

காட்டன் சேலையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜைகளில் நாலைந்து பேர் சர்பத் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பழைய சைட்டு உங்களுதுன்னா, இப்பவே அதுல ஒரு வரி மாத்துங்க பாப்போம்," என்றாள் நக்கலாக.

"இம்புட்டுத்தானா?"

போனை எடுத்தான். பாஸ்வேர்டைத் தட்டினான். 'ஒரிஜினல் ஓசித்திரை இதுவே' என்று முகப்பில் போட்டான்.

"பேரு எங்கண்ணே? மதுரையில பேரு இல்லாம எவனாச்சும் போர்டு வைப்பானா?"

நியாயமாகத்தான் பட்டது அந்த மடையனுக்கு!

'நிறுவனர்: பாண்டியராஜன், வாடிப்பட்டி' என்று சேர்த்தான்.

அவள் தன் லேப்டாப்பில் அவன் தளத்தைத் திறந்து பார்த்தாள். அதே வரி!

"ஒத்துக்கிறேன்... நீங்கதேன் ஒரிஜினல்!"

கை நீட்டினாள். பெருமையாகக் குலுக்கினான்.

க்ளிக்!

மணிக்கட்டில் விலங்கு!

சர்பத் குடித்தவர்கள் மொத்தமாக எழுந்தார்கள்.

"தமிழ்வாணி. சைபர் கிரைம் எஸ்.ஐ. தப்பான ஆளைப் பிடிச்சு மூணு தடவ அசிங்கப்பட்டோம். அதேன், இந்தத் தடவ உங்க கையாலயே எழுத வச்சோம்."

"அ... அப்ப அந்த சைட்டு?"

"நாங்க போட்ட தூண்டிலு. அதுல ஒரு படத்தையாவது அமுக்கிப் பாத்தீங்களா? ஒண்ணுகூட ஓடாது. அம்புட்டும் வெறும் போஸ்டரு!"

பாண்டியராஜன் விம்மினான்.

"இருந்தாலும் காப்பியடிச்சது தப்பு மேடம்..."

"ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க. அட்ரஸ மாத்தி மாத்தி அலுத்துருப்பீங்க. இனிமே ஒரே அட்ரஸ்தேன்... ஜெயிலு. உங்களுக்கு வேறு கிளைகள் இல்லை!"