லாசர் போட்ட எர்த்

கொட்டச்சேட்டுக்கு முந்தின வளைவில் பஸ் நின்றபோது மணி மூன்றுதான் இருக்கும். அதற்குள் மூடுபனி இறங்கி ரோட்டை மறைத்துவிட்டிருந்தது. சாந்தாமேரி ஒரு கையில் மெழுகுவர்த்திப் பொட்டலமும் இன்னொரு கையில் தம்பி லாசரின் போட்டோவுமாக இறங்கினாள். அந்த எஸ்டேட் கேட்டை அவள் தாண்டிப் பதினோரு வருஷமாகிறது.

அங்கே காப்பி காயப்போடும் களத்தில் மூன்றே வருஷம் நடந்த கூத்தை இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எழுபத்தாறில் முதலாளியின் மகன் மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிதாரும் டிரம்முமாகச் சிநேகிதர்களைக் கூட்டிவந்து, பழம் பறிப்பு முடிந்து காலியாகக் கிடந்த களத்தில் மேடை போட்டான். முதல் வருஷம் நூறு பேர். அடுத்த வருஷம் மலை கொள்ளவில்லை. கூடாரம் கூடாரமாகத் தங்கி, ஏற்காட்டுக் கடைகளில் இருந்த ரொட்டியையெல்லாம் தீர்த்தார்கள். தோட்ட வேலைக்காரர்கள் மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் கீழ் நின்று வேடிக்கை பார்த்து, அந்தத் திருவிழாவுக்கு 'சடைக்காரங்க நோம்பி' என்று பேர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் வருஷம் இரண்டாவது பாட்டு முடியவில்லை. எதிர்பாராத மழை கொட்டியது. மைக்கை மூட ஓடிய லாசர் அதைப் பிடித்தபடியே ஷாக் அடித்துச் செத்துப்போனான்.

மைக் செட் அவனுடையது. வேலையில் அவன் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஈர மண் பார்த்துக் குழி தோண்டி, இரும்புக் கம்பி அடித்து, எர்த் ஒயரைக் கட்டி, அரைப்படி உப்பைக் கரைத்து ஊற்றுவான். அதற்குப் பிறகும் ஷாக் அடிக்கிறதா என்று மைக்கைப் புறங்கையால் ஒருமுறை தட்டிப் பார்க்காமல் யாரையும் தொடவிட மாட்டான்.

அன்று போலீஸ் வருவதற்கு முன்னால், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அருள்சாமி அவளைத் தனியாக அழைத்துப் போனார். "குடிச்சிருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு கண்ணு. இல்லீன்னா சேலத்துக்குக் கொண்டுபோயி உடம்ப அறுத்துருவாங்க. முழுசா வராது" என்றார். ஒரே கோயில், ஒரே பாட்டுக் குழு, ஞாயிறு தவறாமல் பார்க்கிற முகம். அவள் நம்பினாள். காப்பிக்கு மேல் எதையும் குடித்தறியாத தம்பியைக் குடிகாரன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து மலை முழுக்க அவன் 'குடிகார லாசர்'.

இப்போது அருள்சாமி மேனேஜர். அந்த நோம்பியை மறுபடி நடத்த வேண்டுமாம். ஆனால் வேலைக்காரர்கள் யாரும் களத்தில் கால் வைக்க மாட்டோம் என்கிறார்கள். லாசரின் அக்கா வந்து மெழுகுவர்த்தி ஏற்றி, மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் பயம் போய்விடும் என்று ஆள் அனுப்பியிருந்தார். அந்த மைக்கிலேயே தம்பியின் பேரை நல்லவிதமாகச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவள் வந்தாள். அவனுக்கு அவள் செய்யக்கூடியது வேறு என்ன இருக்கிறது?

களத்தை நெருங்கும்போது மேடைக்குப் பின்னால் அவள் கால் ஈரத்தில் பதிந்தது.

மழை பெய்து இரண்டு மாசமாகிறது. சுற்றிலும் மண் வெடித்துக் கிடந்தது. அந்த ஒரு முழ இடம் மட்டும் சொதசொதவென்றிருந்தது. நடுவில் ஓர் இரும்புக் கம்பி. விரலில் ஒட்டிய சேற்றை ஏனென்று தெரியாமல் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு கரித்தது.

"வந்துட்டியா சாந்தா!" என்று அருள்சாமி சிரித்துக்கொண்டே வந்தார். சேலத்திலிருந்து வந்த மைக் செட்காரன் கருப்பண்ணன் ஜெனரேட்டரை ஓட்டினான். உடனே ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல், தேன்கூட்டில் காதை வைத்தாற்போல்.

"என்னப்பா இது, காதே போகுது? அந்த எர்த்தக் கழட்டி வுடு, நின்னு போகும்" என்றார் அருள்சாமி.

"ஏனுங்க, எர்த்தக் கழட்டுனா மைக்கப் புடிக்கிற ஆள அடிச்சிருமுங்களே!"

"அட, ஒண்ணும் ஆவாது. அன்னிக்கும் பாடற பசங்க இப்படித்தான் இரைச்சல்னு கத்துனாங்க. நாந்தான் கழட்டி..."

அவர் வாய் அப்படியே நின்றது.

சாந்தாமேரிக்குப் புரிந்துவிட்டது. தன் எர்த் இருக்கிறது என்று நம்பித்தான் தம்பி ஓடிப்போய் மைக்கைப் பிடித்தான்.

கருப்பண்ணன் மெல்லச் சொன்னான்: "நான் இன்னும் எர்த்தே போடலீங்க. வரும்போதே யாரோ போட்டு, ஒயரையும் கட்டி வெச்சிருந்தாங்க. நீங்க ஆள் வெச்சுப் போட்டதுன்னு நெனச்சேனுங்க."

கருப்பண்ணன் ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினான்.

ஜெனரேட்டர் நின்றது.

இரைச்சல் நிற்கவில்லை.

பைபிளில் லாசர் என்ற அந்தப் பேர்க்காரன் செத்த நாலாம் நாளே எழுந்து வந்தான். இவனுக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

"வா சாந்தா, போயிரலாம்" என்று அருள்சாமி கிசுகிசுத்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"உடம்ப அறுத்துருவாங்கன்னு சொன்னீங்களேண்ணா. உங்க தலையக் காப்பாத்திக்கத்தான் சொன்னீங்களா?"

"நானா குடிகாரன்னு எழுதிக் குடுத்தேன்? கையெழுத்து உன்னோடது."

அவள் போட்டோவை மேடையில் சாய்த்து வைத்தாள். மெழுகுவர்த்தியை ஏற்றவில்லை. நேராக மைக்குக்குப் போய்ப் புறங்கையால் தட்டினாள்.

பனியில் நின்ற இரும்பு கதகதப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டுக் கையை எடுத்தது போல.

"என் தம்பி லாசர் குடிக்கலீங்க" என்றாள். ஜெனரேட்டர் ஓடாமலே அவள் குரல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. "எர்த் ஒயரக் கழட்டுனது இந்த அருள்சாமி அண்ணன். அதுலதான் அவன் செத்தான்."

பனிக்குள், மரங்களின் கீழே, வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பது தெரிந்தது. அருள்சாமி களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரைச்சல் அப்போதும் நிற்கவில்லை.

கூடியது.

என்ன பாக்கி என்று அவளுக்குத் தெரியும். மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அக்காவும் பொய் சொல்லிப்போட்டேன் சாமி. நல்லாத் தெரிஞ்சே சொன்னேன். மன்னிச்சுக்கோ."

இரைச்சல் நின்றது. அழுதழுது மூச்சு வாங்கியபடி அவள் இறங்கி வந்தாள். தம்பி மன்னித்துவிட்டான் என்றே நினைத்தாள்.

கடைசி பஸ்ஸில் மாரமங்கலத்துக்கு, தன் வீட்டுக்கு வந்து, சிமினி விளக்கை ஏற்றி அடுப்பு மூட்டினாள். மனசு லேசாக இருந்தது. குழம்பு கொதித்ததும் உப்பு ஜாடிக்குள் கையை விட்டாள்.

காலையில்தான் நிரப்பிய ஜாடி. அடியில் ஒரு கல் கூட இல்லை. உள்ளே யாரோ ஈரக்கையால் துழாவியதுபோல் நனைந்திருந்தது.

பின்கதவு திறந்து கிடந்தது. வாசற்படியை ஒட்டி ஒரு முழ மண் தோண்டப்பட்டு, உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது. அன்று களத்தில் கழட்டிவிட்ட எர்த்தைப் போல, அதில் கம்பியும் இல்லை, ஒயரும் இல்லை.

அவள் வீட்டுக்கு இன்னும் கரண்டே வரவில்லை.

சுவருக்குள்ளிருந்து இரைச்சல் கேட்க ஆரம்பித்தது.